தோளில் இரண்டு கைகள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஜெராக்ஸ் கடையில். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் அடையாள அட்டையைக் கடைக்காரரிடம் நீட்டி, "தம்பி, இந்தக் கை ரெண்டும் வராம எடுத்துக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். ஓர் இளம்பெண்ணின் முகம். இரண்டு தோள்களிலும் யாருடைய விரல்களோ. நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கத்தை எழுதி எழுதி அடித்தேன்.

"சலவைக்கூடத்தில் நீராவி எப்போதும் ஒரு..." வேண்டாம். நீராவியில் ஆரம்பித்தால் கதை முழுக்கப் புகைமூட்டம்.

"தொழிலாளர்கள் அனைவரும் அரசு அடையாள அட்டையின் நகலை உடனடியாக..." இது சுற்றறிக்கை, கதை இல்லை.

நேராகவே சொல்கிறேன். ஹோட்டல் துணிகளை வெளுக்கும் கூடம் அது. மேசை விரிப்புகளுக்குக் கஞ்சி போடுவது அவள் வேலை. பெயரும் 'கஞ்சியக்கா' என்றே ஆகிவிட்டது. (கடையில் 'அவர்' என்றவன் இப்போது 'அவள்' என்கிறேன். கதைக்குள் வந்துவிட்டால் எனக்கு உறவு.)

அவள் சேர்ந்த புதிதில் அரசு அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க ஆள் கூடத்துக்கே வந்தார். ஃபிலிம் ரோலில் மிச்சம் ஒரே ஒரு படம். நின்றதோ மூன்று பேர். கூட வேலை பார்த்த 'நெட்டை', 'கலகலா', நடுவில் இவள். "ஒட்டி நில்லுங்கம்மா, அப்புறம் வெட்டிக்கலாம்" என்றார். ஒட்டி நிற்கச் சொன்னால் தோளில் கை போடத்தானே தோன்றும்? வெட்டியபோது ஓரத்தில் நின்றவர்களின் கைகள் இவள் படத்தோடு வந்துவிட்டன. அன்று யாரும் கேட்கவில்லை. அது என்ன காலமோ!

மதியத்தில் மூவருக்கும் ஒரே டிபன் பாத்திரம். கல்யாண வயதில், காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே கண்ணாமூச்சி. பிறகு கலகலா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். மகனோடு வேறு ஊருக்குப் போன நெட்டை, போனவள் போனவள்தான். அவர்களோடு எடுத்துக்கொண்ட வேறு படம் எதுவும் இவளிடம் இல்லை.

3

இப்போது கூடத்து அலுவலகத்தில் அட்டையின் நகல் கேட்கும் பையனைக் கொடுங்கோலனாக்க ஆசைப்பட்டேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவனும் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைதான். நகல் வாங்காவிட்டால் மேலே இருப்பவர்கள் அவனை வறுத்தெடுப்பார்கள்.

"அக்கா, யாரோட கை இது?"

"கூட வேலை பாத்தவங்க கை சார்."

"படத்துல ஒருத்தர்தான்க்கா இருக்கணும். புது அட்டை எடுத்து நகல் குடுங்க. இல்லன்னா திங்கக்கிழமை கேட்லயே நிறுத்திடுவாங்க. என்னைத் திட்டாதீங்க."

"உன்னைத் திட்டி என்னப்பா ஆகப்போகுது?" என்றாள். 'சார்' எங்கே போனது என்று அவனும் கேட்கவில்லை.

அதனால்தான் அந்த ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் துண்டுத்தாள் வைத்து மறைத்து எடுத்தார். கைகளோடு தோள்களும் போயின. பையன் நகலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அசலைக் கேட்டான்.

புது அட்டை வேண்டுமென்றால் அரசு அலுவலகத்தில் பழையதை ஒப்படைக்க வேண்டும். கண்ணெதிரிலேயே குறுக்கே வெட்டிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.*

* செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். இவள் மகள் அதையும் செய்தாள். இவள் பார்த்துவிட்டு, "இது படத்தோட படம்டி. அவங்க கை பட்டது இதுலதான்" என்று அட்டையை மார்போடு வைத்துக்கொண்டாள். எனக்கே அழுகை வந்துவிட்டது.

4

முடிவு ஒன்று: அட்டையைக் கொடுத்துவிடுகிறாள். திங்கட்கிழமை வழக்கம்போல் கஞ்சி கலக்குகிறாள். எழுதிய எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு இரண்டு: "போங்கடா நீங்களும் உங்க வேலையும்" என்று நடையைக் கட்டுகிறாள். கைதட்ட எனக்கென்ன, வலிக்கவா போகிறது? மகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பாள்?

முடிவு மூன்று: வெட்டவேண்டியவர் மனமிரங்கி, கத்தரியைக் கீழே... போதும். நானே நம்பவில்லை.

ஆகவே அவளைப் புது அட்டை தரும் கவுன்ட்டர் முன்னால் நிறுத்திவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் கையை நீட்டுகிறார். "சீக்கிரம்மா" என்கிறார். அட்டை இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. வரிசையில் அடுத்து நிற்பது நீங்கள். அவள் ஓர் அடி ஒதுங்கி, திரும்பி, உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

"நீங்க முன்னாடி போறீங்களா?"