பட்கஸ் கட்சியும் லேன் கட்சியும்

எங்கள் டயாலிசிஸ் மையத்தில் சன்னலோரம் மூன்று நாற்காலிகள். இடது பக்கம் எம்மெட் சூடிக், வலது பக்கம் லவெல் பியூரிஃபாய், நடுவில் நான். வாரத்தில் மூன்று நாள் காலையில் வந்து சாய்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க முடியாது. இரத்தம் குழாய் வழியே வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பி வரும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. வாயை அசைக்கலாம். அவர்கள் இரண்டு பேரும் அதைத்தான் செய்தார்கள், என் தலைக்கு மேலே.

எங்கள் ஊர் கேன்டனில் ஃபுட்பால் பேசாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்ளும் அந்த ஆட்டத்தின் மகா புருஷர்களுடைய வெண்கலத் தலைகளை வரிசையாக வைத்திருக்கும் மண்டபம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனால் பந்தை எறிகிறவர்களைப் பற்றியோ, தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பற்றியோ எம்மெட்டும் லவெலும் பேசி நான் கேட்டதில்லை. அவர்களெல்லாம் ரசிகர்களுக்குத் தொப்பி விற்பதற்காக உண்டானவர்கள் என்பது இருவருக்கும் பொதுவான அபிப்பிராயம். ஓடுகிறவனைத் தடுத்து மண்ணில் சாய்க்கிறவனே ஆட்டக்காரன். அப்படிச் சாய்த்தவர்களில் யார் பெரியவன் என்பதில்தான் சண்டை.

எம்மெட் பட்கஸ் கட்சி. சிகாகோவுக்காக ஆடிய டிக் பட்கஸ். லவெல் லேன் கட்சி. ‘நைட் ட்ரெயின்’ என்று பட்டப்பெயர் வாங்கிய லேன். குழந்தையாக இருந்தபோது குப்பையில் கிடந்தவர் அவர். அழுகையைக் கேட்டுப் பூனை என்று நினைத்துப் போய்ப் பார்த்த ஒருத்தி எடுத்து வளர்த்தாளாம். ஆடத் தொடங்கிய முதல் வருஷத்திலேயே எதிரணி எறிந்த பந்துகளில் பதினான்கைப் பறித்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. லவெல் இதைச் சொல்லும்போதெல்லாம் பதினான்கு என்ற எண்ணைத் தேவாலயத்தில் வசனம் படிக்கிற குரலில் சொல்வார்.

“உன் ஆளு பந்தைப் பறிச்சான், ஒத்துக்கறேன்,” என்பார் எம்மெட். “என் ஆளு எதிராளிக்குப் பந்து மேல இருந்த ஆசையே போக வச்சான்யா.”

“ஆசை போக வச்சு என்ன கண்டான்? ஒன்பது வருஷம் ஆடினான். ஒரு வருஷமாவது கடைசிச் சுத்துக்குப் போனானா?”

“டீம்ல மத்தவன் எல்லாம் கட்டையா நின்னா அவன் என்ன பண்ணுவான்?”

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். இரைச்சல் எனக்குப் புதிதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், பின்னால் வந்த ரெஜி ஒயிட்டை விட்டுவிட்டு என்ன விவாதம் என்று கேட்டுவிட்டேன். இருவரும் ஒரே கட்சியாகி என்மேல் பாய்ந்தார்கள். ஒயிட்டைக் குறை சொல்லவில்லை, அவர் காலத்துக்குள் சட்டங்கள் மாறிவிட்டன, அடி குறைந்துவிட்டது என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். அதன்பிறகு எனக்குக் கட்சி இல்லை. கேட்டுக்கொண்டிருப்பேன். நேரம் போகும். அந்த நாற்காலியில் நேரம் போவதைவிடப் பெரிய உதவியை யாரும் யாருக்கும் செய்ய முடியாது.

எம்மெட் வீடு வீடாகப் போய்க் கணப்பு அடுப்புகளைப் பழுது பார்த்தவர். மனைவி இறந்து பல வருஷமாகிவிட்டது. மகள் ரெனே பக்கத்து ஊரில் இருந்தாள். சர்க்கரை வியாதியால் அந்த வசந்தத்தில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. போனபிறகும் சக்கர நாற்காலியில் வந்து, “பட்கஸுக்கும் முட்டி போச்சு, ஆடினான் பாரு,” என்றார். லவெல் சிரித்துக்கொண்டே, “நீ முதல்ல எடை பாக்கற மிஷின் மேல ஏறுய்யா, அப்புறம் ஆடலாம்,” என்றார். எடை பார்க்காமல் எங்களுக்கு ஊசி குத்த மாட்டார்கள். தாங்குகட்டையை இறுக்கப் பிடித்துக்கொண்டு எம்மெட் ஏறி நின்றார்.

லவெல் சக்கரங்களுக்கான பேரிங் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். கல்யாணம் செய்துகொண்டு, விட்டுவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார். மையத்துக்கு வெளியே அவரும் எம்மெட்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இலை உதிர ஆரம்பித்த சமயம் எம்மெட்டின் கையில் ஊசி குத்துகிற இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்துப் பக்கம் குழாய் வைத்தார்கள். அதில் கிருமி தொற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது வலது கால் விரல்கள் கறுத்திருந்தன. அந்தக் காலையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக நர்ஸ் மரிசெல்லிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. லவெல் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அன்று அவர் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பட்கஸைத் திட்டினார். எம்மெட் பதில் சொன்னார். ஆனால் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தவர் வாசலில் நின்று பேசுவதுபோல இருந்தது அந்தப் பதில்.

அதற்கடுத்த வாரம் ஒரு புதன்கிழமை லவெல் மறுபடி ஆரம்பித்தார். பதினான்கு என்றார். இத்தனை வருஷத்தில் எவனாவது தொட்டானா என்றார். எம்மெட் சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொல்றதுதான் சரி,” என்றார். “லேன்தான் பெரியவன்.”

நான் லவெல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்தவன் முகம் இல்லை அது. கடையில் நெரிசலில் பிள்ளையின் கையை விட்டுவிட்டவன் முகம். “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். எம்மெட் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எம்மெட் வரவில்லை. அவருடைய நாற்காலிக்கு மரிசெல் புது விரிப்பு போடவில்லை. லவெல் கேட்டதற்கு, மற்ற நோயாளிகளைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே சரிபார்த்த லவெலின் இயந்திரத்தை மறுபடி சரிபார்த்தாள். லவெல் அதற்குமேல் கேட்கவில்லை. எங்களுக்கெல்லாம் தெரியும். டயாலிசிஸை நிறுத்திக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. நிறுத்தினால் ஒரு வாரம், கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை லவெலை என் காரில் எம்மெட்டின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண் மங்கியதால் அவர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டிருந்தார். வழியெல்லாம் தனக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். பரீட்சைக்குப் போகிறவரைப்போல இருந்தார். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன்.

ரெனே கதவைத் திறந்தாள். அழுது முடித்து வேலையில் இறங்கிவிட்டவளின் முகம். முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். டிவியில் எங்கள் கிளீவ்லாந்து அணி சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது, வழக்கம்போலத் தோற்றுக்கொண்டு. எம்மெட்டின் கையில் பெரிய கண்ணாடித் தம்ளர், அதில் ஆரஞ்சுச் சாறு. எங்களுக்கு அது விஷம், அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். வருஷக்கணக்காக எங்களில் யாரும் தொடாத சாறு. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தம்ளரை எங்களிடம் தூக்கிக் காட்டினார்.

“சின்ன வயசுல குடிச்ச மாதிரியே இருக்கு டோர்லா,” என்றார் என்னிடம்.

லவெல் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றவில்லை. தயாரித்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சிகாகோ அந்த 1969ஆம் வருஷம் பதினான்கு ஆட்டம் ஆடி ஒன்றே ஒன்றில் ஜெயித்ததைச் சொன்னார். பட்கஸ் ஒவ்வொரு ஆட்டமும் முதல் ஆட்டம்போல இறங்கியதை, தோற்பது தெரிந்தும் கடைசி நிமிஷம்வரை ஆட்களை உருட்டியதைச் சொன்னார். இதெல்லாம் வருஷக்கணக்காக எம்மெட் அவரிடம் சொல்லி வந்தவை. ஒரு வார்த்தை விடாமல் அவருடைய வாதத்தையே அவரிடம் திருப்பிச் சொன்னார்.

“நான் ஒத்துக்கறேன்யா. பட்கஸ்தான். அவனை மாதிரி ஒருத்தன் பொறக்கல. போதுமா? திங்கக்கிழமை வந்து சேரு.”

எம்மெட் இன்னொரு மிடறு குடித்தார்.

“அவனுக்கு டிசம்பர்ல சீசன் முடிஞ்சிடும் லவெல்,” என்றார். “வீட்டுக்குப் போயிடுவான். நமக்கு எப்ப முடியுது?”

இன்னொரு காலை எடுத்தாலும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் லவெல். தானே வந்து தினமும் கூட்டிப் போவதாகச் சொன்னார், கார் ஓட்ட முடியாத மனிதர். எம்மெட் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார், வேண்டாம் என்றும் அல்ல, சரி என்றும் அல்ல. ரெனே சமையலறை வாசலில் நின்று, “நான் எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன் சார். தயவுசெஞ்சு அவரைத் திரும்பத் திரும்பக் கேக்காதீங்க,” என்றாள்.

அப்போதுதான் லவெல் அதைச் சொன்னார்.

“இத்தனை வருஷம் பட்கஸ் பட்கஸ்னு கத்தினியே. நீ பயந்தாங்கொள்ளிய்யா.”

எம்மெட் கோபப்படுவார் என்றுதான் லவெல் எதிர்பார்த்திருக்க வேண்டும். எழுந்து அடிக்க வந்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பார். எம்மெட் கோபப்படவில்லை. “இருக்கலாம்,” என்றார். பிறகு சாற்றை மேசையில் வைத்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு, “நீ வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்,” என்றார்.

லவெல் வெளியே போய்விட்டார். நான் எம்மெட்டின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வந்தேன். காரில் லவெல் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். நான் மாட்டிவிட்டேன். திரும்பிப் போகலாமா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று கேட்டேன். நாளைக்கு என்றார்.

மறுநாள் எங்களுக்கு டயாலிசிஸ். அது முடிந்தபிறகு எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. செவ்வாய்க்கிழமை நான் போன் செய்தபோது, எம்மெட் இப்போது கண்ணைத் திறப்பதே அபூர்வம் என்று ரெனே சொன்னாள். லவெல் வீட்டில் போனை எடுக்கவில்லை. புதன்கிழமை விடிவதற்குள் எம்மெட் போய்விட்டார்.

அடக்கம் வெள்ளிக்கிழமை காலை என்று வைத்தார்கள். அது எங்கள் நாள். வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று லவெல் மரிசெல்லிடம் கேட்டார். அவள் உண்மையாகவே முயன்றாள். மையத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை, எம்மெட்டுடைய நாற்காலிக்கே ஆள் வந்துவிட்டது. ஒரு தடவை விட்டுவிட்டுப் போனால் என்ன என்று கேட்டார். போன மாதம் அப்படி விட்டுத்தான் அவருக்கு நுரையீரலில் நீர் கோத்து ஆம்புலன்ஸ் வந்தது. ஆகவே எம்மெட்டை மண்ணில் இறக்கிய நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கையில் ஊசியோடு படுத்திருந்தோம்.

புதிதாக வந்தவர் இளவயதுக்காரர், நாற்பதுக்குள் இருப்பார். நல்ல மனிதர். பேச்சுக் கொடுக்க விரும்பினார். டிவியில் பழைய ஆட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து, லாரன்ஸ் டெய்லரைப்போல ஒரு தடுப்பாட்டக்காரன் இல்லை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எங்கள் பக்கம் கேட்டார். நான் லவெலைப் பார்த்தேன். வழக்கமாக இருந்தால் அந்த ஆள் அன்று வீட்டுக்கு அழுதுகொண்டே போயிருப்பார்.

“இருக்கலாம்,” என்றார் லவெல்.

நான் வாயைத் திறந்து, எனக்குத் தெரிந்த அளவுக்கு லேனைப் பற்றிச் சொன்னேன். எண்ணைத் தப்பாகச் சொன்னேன், பன்னிரண்டு என்று. வேண்டுமென்றே இல்லை, பதற்றத்தில். லவெல் திருத்தவில்லை. புதியவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனில் ஏதோ பார்க்க ஆரம்பித்தார்.

முடிந்ததும் மரிசெல் ஊசிகளை உருவிப் பஞ்சு வைத்தாள். இரத்தம் நிற்கிறவரை அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். லவெல் என் பக்கம் சாய்ந்தார். யாருக்கும் கேட்காதபடி பேசினார்.

“ரெனேகிட்ட பேசினியா?”

பேசினேன் என்றேன்.

“அவனுக்கு வலிச்சுதாமா?”

ரெனே சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். வலிக்கவில்லை, மருந்து கொடுத்தார்கள், இரண்டு நாள் தூங்கினார், தூக்கத்திலேயே மூச்சு நின்றது என்று. நிம்மதிப்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

லவெல் பஞ்சை எடுத்துப் பார்த்தார். இரத்தம் நின்றிருந்தது. “அப்ப கஷ்டமில்லை,” என்றார், பஸ் எந்தப் பக்கம் போகும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவரைப்போல. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, அவர் யாருக்காகக் கேட்டார் என்று. பொய் சொல்லியிருக்கலாம். எம்மெட் துடித்தார், கத்தினார் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். திங்கட்கிழமை வருவீர்கள்தானே என்று பின்னாலிருந்து கேட்டேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.