ஆக்டோபஸும் இன்ஸ்பெக்டரும்

பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகு அச்சில் பல் பதிக்கிறவளுக்குத் தினமும் மதியம் ஒரு மணிக்கு ஃபோன் வரும். லாரி ஓட்டும் அவள் புருஷன்தான்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. வேலையா இருப்ப, வெச்சுடவா?"

பதினெட்டு வருஷக் குடித்தனம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். ஊரார் வாய்க்கெல்லாம் பல் பொருத்துகிறவளுக்குத் தன் வீட்டுக்காரர் வாயைத் திறக்க வழி தெரியவில்லை.

வண்டியில் அவர் கதை கேட்பார், அதுவும் கொலைக் கதை மட்டும். நூலகத்தின் ஒலிப்புத்தகங்களை மெமரி கார்டில் ஏற்றித் தருவது அவள் பொறுப்பு. கொலைகாரன் அகப்பட்டானா, கதை முடிந்தது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? இந்த மனுஷனுக்கு வேறு ஏதாவது பிடிக்குமா என்று பார்த்துவிட அவளுக்கு ஆசை வந்தது. ஒரு கொலை, ஆக்டோபஸ் பற்றி ஒன்று, உப்பின் வரலாறு, தனியாக மலையேறிய ஒருத்தியின் அனுபவம், ஒரு காதல் நாவல் என்று ஐந்தைப் பொறுக்கினாள்.

பொறுக்கியதெல்லாம் சரி, ஏற்றியதில்தான் கோட்டை விட்டாள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டாள். வண்டியிலிருந்த பிளேயரோ சமர்த்தாக எண் வரிசையில் போட்டது. முதலில் ஐந்து புத்தகங்களின் முதல் அத்தியாயங்கள், அப்புறம் ஐந்தின் இரண்டாம் அத்தியாயங்கள்.

மறுநாள் ஃபோன் வந்தது.

"ஏம்மா, இன்ஸ்பெக்டர் பிணத்துக்கிட்ட நிக்கிறாரு. திடீர்னு ஆக்டோபஸுக்கு மூணு இதயம்ங்கிறாங்க. செத்தவனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நடந்தது புரிந்து அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், 'அப்படியா' என்று வைத்துவிடுவார்.

"போகப் போகத் தெரியும், கேளுங்க," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் விசாரணைதான்.

"மலையேறுறாளே, அவதான் கொன்னிருப்பா. உப்பு மூட்டைக்குள்ள கத்திய ஒளிச்சிருப்பா."

"அந்தக் காதலிக்கிற பையன்?"

"அவனுக்கு அவ்வளவு தைரியம் ஏது? எனக்கு ஆக்டோபஸ் மேலதான் சந்தேகம். எட்டு கை இருக்கே!"

பேச்சு அரை மணி நேரம் ஓடியது. மெழுகு இறுகி, யாரோ ஒருவருடைய கீழ்வரிசை கோணிக்கொண்டது. பக்கத்து மேசைக்காரி, "யாருடி, புதுசா?" என்று கண்ணடித்தாள். "பழசுதான்டி," என்றாள் இவள். சிரித்தாலும் உள்ளுக்குள் உறுத்தியது. ஏமாற்றித்தானே பேச வைக்கிறோம், தெரிந்துபோனால் மனுஷன் பழையபடி வாயை மூடிக்கொள்வாரே என்று பயந்தாள்.

ஒன்பதாம் நாள் அவர் வீடு திரும்பினார். வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டாள்.

"அது ஒரே கதை இல்லைங்க. அஞ்சு புத்தகம். நான்தான் தெரியாம கலந்துட்டேன்."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முதல் நாளே தெரியும். அஞ்சு பேர் அஞ்சு குரல்ல படிக்கிறாங்க, எனக்குக் காது இல்லையா?"

"அப்புறம் ஏன் தினமும் கேட்டீங்க?"

"கொலையப் பத்திச் சொன்னா 'ம்'னு வெச்சுடுவ. இதுக்கு நீ ஃபோனை வைக்கவே இல்லையே."

வைக்கிறது அவர்தான் என்று இத்தனை வருஷமாக அவள் நினைத்திருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து மெமரி கார்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அடுத்த தடவை பத்தாக் கலந்து போடு."