சின்னவருக்குப் பல் வெட்டிய நாள்

சந்திரமதி ஒன்றை நினைத்துவிட்டால் காஜா பேராங் ஊர் முழுவதும் திரண்டு வந்தாலும் அவளை அசைக்க முடியாது. அன்று காலையில் அவள் நினைத்தது, வீட்டில் வளர்க்கும் வெள்ளை எலியை மாட்டு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்று.

"எலிக்கு டாக்டரா?" என்றான் அவள் கணவன் தேவதாஸ்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முனிசிபலில் அவனுக்கு எலி பிடிக்கிற வேலை. பசார் கடைத்தெருச் சாக்கடைகளில் பொறி வைப்பான். விடிந்ததும் சிக்கியவற்றைப் பொறியோடு தண்ணீரில் முக்கிவிட்டு வந்துதான் பசியாறுவான்.

"எலின்னு சொல்லாதீங்க. சின்னவருன்னு சொல்லுங்க. மூனு நாளா அவரு வாயில ஒன்னும் போகல. இன்னும் ரெண்டு நாள் தாங்க மாட்டாரு."

சின்னவர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் கொண்டாட்டச் சந்தையில் சந்திரமதி பரிசுக்காக வளையம் வீசினாள். மற்றவர்களுக்கு சோப்பும் பவுடரும் கிடைக்க, இவளுக்கு மட்டும் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை எலி. பிள்ளையாரே தம் வாகனத்தை அனுப்பி வைத்திருக்கிறார் என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டாள். சாமி வாகனத்தை மரக்கூண்டில் வைக்கலாமா? பெரிய பிஸ்கட் டின், உள்ளே பட்டுத்துணி. சாப்பாட்டுக்குக் குழைந்த பால்சோறு, பூரணம் வைத்த கொழுக்கட்டை. பக்கத்துக் குடியிருப்பான செட்டி கம்பத்துப் பெண்கள்கூட வெள்ளிக்கிழமைகளில் அரிசிமாவில் குவே பலகாரம் செய்து, கையெடுத்துக் கும்பிட்டு ஊட்டிவிட்டுப் போனார்கள். கடினமானது எதுவும் அவர் பல்லில் படக்கூடாது என்பது சந்திரமதி போட்ட சட்டம். ஆறு மாதம் ராஜபோகம்தான். இப்போது கீழ்ப்பல் இரண்டும் வளைந்து மேலண்ணத்தை முட்ட, வாயை மூட முடியாமல் எச்சில் வடித்துக்கொண்டு, முதுகெலும்பு தெரிய உட்கார்ந்திருந்தார்.

"நான் வெளியத்தான் நிப்பேன். உள்ள கூப்புடாத" என்றான் தேவதாஸ்.

"நில்லுங்க. இப்ப சைக்கிள வேகமா மிதிங்க."

மாட்டு ஆஸ்பத்திரியில் ஓர் எருமையும் நாலைந்து ஆடுகளும் காத்திருந்தன. டின்னுக்குள் எட்டிப் பார்த்த ஆட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிங்கக்கா. உங்க ஆட்ட நாளைக்கே கறி வைப்பீங்க. நான் என் புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்றாள் சந்திரமதி. ஆட்டுக்காரி தன் ஆட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் மாணிக்கவாசகம் ஆஜானுபாகு. கன்றை ஒற்றைக் கையால் தூக்குகிறவர். டின்னைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, காலேஜ்ல படிக்கிறப்ப எலிய அறுத்திருக்கேன். வைத்தியம் பாத்ததில்ல."

"அதுக்கென்னா டாக்டரய்யா, இன்னிக்குப் பாருங்க."

சாப்பிட என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் பெருமையாக ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, டாக்டரின் முகம் மாறியது. எலிப்பல் சாகும்வரை வளரும், கெட்டியானதைக் கடித்தால்தான் தேயும் என்றார். "நீங்க பாசத்துலயே பட்டினி போட்டுட்டீங்கம்மா."

ஊரே கும்பிட்டு ஊட்டியதெல்லாம் விஷமாகவா போயிற்று? சந்திரமதிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"தப்பு எம்மேலதான். நீங்க பல்ல வெட்டுங்க."

வெட்டுவது பெரிதில்லை, பிடிப்பதுதான் பெரும்பாடாய்ப் போனது. ஆடுகளை அமுக்கிப் பழகிய உதவியாளின் கையிலிருந்து சின்னவர் இரண்டு தடவை நழுவினார். ஒரு தடவை மருந்துப் புட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"அசைஞ்சா நாக்கு வெட்டுப்பட்டுரும். அப்புறம் பிழைக்காது" என்று டாக்டர் கத்திரியைக் கீழே வைத்தார்.

சந்திரமதி வாசலுக்குப் போனாள். "என்னாங்க, உள்ள வாங்க."

அவள் குரலைக் கேட்டதும் தேவதாஸ் மறுபேச்சுப் பேசாமல் வந்தான். சின்னவரின் பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோய்த் தோளோடு சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலைத் தாடைக்குக் கீழே கொடுத்தான். எலி அப்படியே அடங்கியது. தினமும் எத்தனையோ எலிகளைக் கொல்கிற கை. ஆனால் அந்தக் கை அழுத்தவில்லை.

கோழி அலகு நறுக்கும் சின்னக் கத்திரியால் டாக்டர் நாலு பல்லையும் நறுக்கினார். ரத்தமில்லை.

"இனிமே இதான் சாப்பாடு" என்று காய்ந்த சோளமணி ஒன்றை வைத்தார். "கடிச்சா பிழைச்சிரும்."

சின்னவர் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பைக்குள் இருந்த பால்சோற்றுக் கிண்ணத்துக்குச் சந்திரமதியின் கை தானாகப் போனது. டாக்டர் தலையை ஆட்டினார். அவள் கையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

தேவதாஸ் அந்தச் சோளத்தைத் தன் பல்லில் வைத்து இரண்டாக உடைத்தான். பாதியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு சின்னக் கைகள் அதை எடுத்தன; திருப்பிப் பார்த்தன. கறுக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சந்திரமதி மூச்சு விட்டாள். டின்னை எடுத்துக்கொண்டாள். "போலாமா?"

தேவதாஸ் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இரு" என்றான். "இத்தனை வருசத்துல, இதுங்க சாப்புடுறத நான் பாத்ததே இல்ல."