முத்திரை விழாத பதினேழு சீட்டுகள்

தையல்காரர் அன்று காலை வாக்குச்சாவடிக்குக் கிளம்பியதே திருட்டுத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். கட்சி ஆபீஸில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. பெட்டியை மாற்றிவிடுவார்கள், சீட்டைத் திணித்துவிடுவார்கள், செத்தவர்கள்கூட வரிசையில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று ஆளாளுக்குக் கிளப்பிவிட்டிருந்தார்கள்.

"மாப்ள, கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டு உக்காரு. நீ அசந்தா நான் காலி" என்று வேட்பாளர் அவருடைய தோளைத் தட்டி அனுப்பினார். நகரசபையின் அந்த வார்டுக்கு நின்ற வேட்பாளர் தையல்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆகவே முகவராக உட்கார வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

சாவடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. அதன் தலைமை அதிகாரியைப் பார்த்ததும் தையல்காரருக்கு முகம் சுருங்கியது. கணக்கு டீச்சர். போன வருஷம் அவருடைய மகளை இரண்டே இரண்டு மார்க்கில் பெயிலாக்கியவர். இந்த அம்மாவிடம் நியாயம் எங்கே கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டீச்சர் காலிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். "பாத்தது போதாது, கைய விட்டுத் துழாவிப் பாருங்க" என்றார். தையல்காரரும் எதிர்க்கட்சி முகவரான ரொட்டிக்கடைக்காரரும் ஒருவர் மாற்றி ஒருவர் முழங்கை வரை விட்டுத் துழாவினார்கள். பிறகுதான் பெட்டிக்கு அரக்கு வைத்தார். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் டீச்சரின் முத்திரையும் கையெழுத்தும் விழுந்த பிறகே அது வாக்காளர் கைக்குப் போக வேண்டும். ஐம்பது ஐம்பதாக முத்திரை குத்தி, பக்கத்து மேசை குமாஸ்தாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. வெயிலில் நின்ற ஒரு கர்ப்பிணி மயங்கி விழ, டீச்சர் எழுந்து ஓடினார். தண்ணீர் தெளித்து, நிழலில் உட்காரவைத்து, அவள் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப கால் மணி நேரம் ஆயிற்று. வந்து உட்கார்ந்து, மேசையிலிருந்த சீட்டுக்கட்டைப் புரட்டியவரின் கை அப்படியே நின்றது.

"இது நான் முத்திரை போடாத கட்டாச்சே. இதுலேருந்தா குடுத்தீங்க?"

குமாஸ்தா கட்டைத் திருப்பிப் பார்த்தார். "கூட்டம் நெருக்குச்சு டீச்சர், கவனிக்கல. பதினேழு போயிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "பேசாம விட்டுருங்க. எண்ணும்போது செல்லாதுன்னு ஒதுக்கிட்டுப் போயிருவாங்க. வெளிய சொன்னா நம்ம ரெண்டு பேர் வேலைக்கும் வேட்டு. பதினேழுதானே!"

"நமக்குப் பதினேழுங்க. வரிசையில நின்ன ஒவ்வொருத்தருக்கும் அது ஒண்ணே ஒண்ணு."

இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த தையல்காரர் காதில் அத்தனையும் விழுந்தது. மாட்டிக்கொண்டார்கள் என்று அவர் நிமிர்வதற்குள் டீச்சரே எழுந்து நின்றார். வரிசையைப் பத்து நிமிஷம் நிறுத்தச் சொன்னார். முகவர்கள் இருவரையும் மேசைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு. கட்டை மேசையில விட்டுட்டு எழுந்து போனது நான். அதனால தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து, ஒளிவு மறைவில்லாமல் சொல்லி முடித்தார். பிறகு அதையே காகிதத்தில் எழுதினார். பதினேழு சீட்டுகளின் எண்கள், வாங்கியவர்களின் வரிசை எண், நேரம். குமாஸ்தாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தையல்காரருக்கு இதில் ஏதோ உள்குத்து இருப்பதாகவே பட்டது. வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டிருந்த அடிக்கட்டைகளை வாங்கிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். பதினேழு கையெழுத்து. மறுபடி எண்ணினார். பதினேழுதான்.

"வேணும்னா மூணாந்தரமும் எண்ணுங்க. மனசுல சந்தேகத்த வச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடாதீங்க" என்றார் டீச்சர். கோபமில்லை, கிண்டலுமில்லை.

தையல்காரர் மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டே கையெழுத்துப் போட்டார். அன்று மாலை அரக்கு வைத்த பெட்டி வண்டியேறும்வரை அவர் கண் பெட்டியைவிட டீச்சர் மேல்தான் அதிகம் இருந்தது. இப்படியும் ஒருத்தர் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வாரா என்று அவருக்கு ஆறவே இல்லை.

மறுநாள் எண்ணிக்கை. மச்சானுக்கும், எதிர்த்து நின்ற மருந்துக்கடை அம்மாவுக்கும் இழுபறி. எல்லாச் சாவடியும் எண்ணி முடித்தபோது மச்சான் ஐந்து ஓட்டு முன்னால் நின்றார். மிச்சமிருந்தது தனியே எடுத்து வைத்த அந்தப் பதினேழு சீட்டு மட்டும். அதிகாரி செய்த பிழைக்காக வாக்காளரின் ஓட்டைத் தள்ளக் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் பிழை அதிகாரியுடையதுதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

"கள்ளச் சீட்டு! திணிச்சிருக்காங்க!" என்று மச்சான் கத்தினார். பிறகு தையல்காரரைத் தூண் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "மாப்ள, அந்தக் காகிதத்தப் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லு. பொய்கூட இல்ல, அவசரத்துல போட்டேன்னு சொல்லு. நான் ஜெயிச்சாச்சு."

எண்ணிக்கை அதிகாரி காகிதத்தை நீட்டினார். "இது உங்க கையெழுத்தா? விவரம் தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

தையல்காரர் காகிதத்தைக் கையில் வாங்கினார். பிழையை விளக்க வந்து சுவரோரம் நின்ற டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கெஞ்சும் பார்வை ஒன்று வந்திருந்தால் ஒருவேளை அவர் மனசு கல்லாகியிருக்கும். அந்த அம்மா அதற்குக்கூட முயலவில்லை.

"என் கையெழுத்துதாங்க. மூணு தடவை எண்ணிட்டுத்தான் போட்டேன். அந்தப் பதினேழு பேரும் என் கண்ணு முன்னால வந்து வாங்கிட்டுப் போனாங்க."

சீட்டுகளின் எண்கள் காகிதத்தோடு ஒத்துப்போயின. பிரித்து எண்ணினார்கள். மச்சானுக்கு ஐந்து, மருந்துக்கடை அம்மாவுக்குப் பன்னிரண்டு. இரண்டு ஓட்டில் மச்சான் தோற்றார். மறு எண்ணிக்கை கேட்டார். அதிலும் அதே இரண்டு.

"எங்க அண்ணனைக் கவுத்துட்டு வந்து சோறு கேக்கறீங்களா?" என்று மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள். தையல்காரர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நெஞ்சில் பாரமில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

அடுத்த மாதம் ரொட்டிக்கடைக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். கவனக்குறைவுக்காக டீச்சருக்கு மெமோ வந்திருக்கிறது, இனிமேல் தேர்தல் வேலையே தரப்போவதில்லையாம். தையல்காரர் கத்தரியை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

"தப்புப் பண்ணினேன், கேட்டிருக்காங்க. இதுல என்ன இருக்கு?" என்றார் டீச்சர், நோட்டுகளைத் திருத்திக்கொண்டே.

தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை. கடைக்குத் திரும்பி உட்கார்ந்து, துணி வெட்டும் மேசையிலேயே தேர்தல் அதிகாரிக்கு ஒரு மனு எழுதினார். தப்பை மறைக்க வழியிருந்தும் மறைக்காத அதிகாரி எங்கள் சாவடிக்கு மறுபடி வேண்டும் என்று. ரொட்டிக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார், மருந்துக்கடை அம்மா போட்டார். அந்தப் பதினேழு பேரில் பதினான்கு பேர் தேடி வந்து போட்டார்கள்.

கடைசியில், முகம் கொடுத்தே பேசாத மச்சானிடமும் கொண்டுபோய் நீட்டினார். மச்சான் வெகுநேரம் படித்தார்.

"எவ்வளவு தைரியம் மாப்ள ஒனக்கு!"

"போடலன்னா பரவால்ல மச்சான்."

"பேனாவக் குடு." எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "வர்ற தடவை நான் ஜெயிக்கத்தான் போறேன். அப்ப அந்த அம்மா உக்காந்திருந்தா, ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாதுல்ல!"