கறை போகாத கோட்டு

கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பளிச்சுக்குச் சோறு இறங்காது. சலவைக்கடை வைத்திருக்கிற மனிதருக்கு அது நல்ல குணம்தானே என்று நீங்கள் சொல்லலாம். அவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே மேசைவிரிப்பைத் தேய்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் கண் எதிராளியின் காலரில்தான் இருக்கும். பளிச்சு என்பது தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது.

மனைவி பஸ் ஓட்டுகிறாள். விடியற்காலை முதல் பஸ் அவளுடையது. முன்னால் கடை, நடுவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண்தரை. அந்த மண்தரைதான் இருவருக்கும் ஓயாத வழக்கு. துவைத்துக் காயப்போட்ட படுக்கைவிரிப்பு காற்றில் தழைந்து மண்ணில் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து துவைக்க வேண்டும். அதனால் அங்கே சிமெண்ட் போட்டே தீருவது என்று அவர் நின்றார். பட்டாம்பூச்சி வரவேண்டும் என்று அவள் நின்றாள்.

"நாள் முழுக்க தார் ரோட்டையே பாத்துட்டு வர்றேன்," என்றாள். "வீட்டுக்கு வந்தா அசையற ஒண்ணு கண்ணுல படணும். ஹாரன் அடிக்காத ஒண்ணு."

முதலில் பூச்செடிகள் வைத்தாள். பட்டாம்பூச்சிகள் வந்தன, தேனைக் குடித்தன, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப்போல் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டன. பூ மட்டும் போதாது, அதன் புழு தின்ன இலையும் வேண்டும் என்று செடி விற்கிறவர் சொல்ல, மார்பளவு உயரத்தில் ஒரு எலுமிச்சைச் செடியைப் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாள். அது பலித்தது. கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக ஒன்று வந்து இலைக்கு இலை வயிற்று நுனியால் தொட்டுத் தொட்டு முட்டை வைத்தது. கடுகைவிடச் சின்ன முட்டை. அவள் அன்றைக்குச் சாப்பிடவே மறந்தாள்.

அதோடு சரி. முட்டை இருக்கும், பொரியும், ஆனால் ஒரு புழுகூட அவள் கண்ணில் பட்டதில்லை. எறும்பைச் சந்தேகப்பட்டாள், பல்லியைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் பழியைக் காக்கையின் தலையில் கட்டினாள். ஒருநாள் முகம் தொங்கிப்போய் அவளே ஒப்பந்தத்துக்கு வந்தாள். சிமெண்ட் போட வேண்டிய கொத்தனார் வேறொரு பெரிய கட்டடத்தில் வேலையாக இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் இந்த மண்ணில் ஒரே ஒரு பட்டாம்பூச்சியாவது பிறக்க வேண்டும். பிறந்தால் மண் அவளுக்கு, இல்லையென்றால் சிமெண்ட்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். தினமும் அவள் பஸ்ஸுக்குப் போனபிறகு பளிச்சு துணி காயப்போடப் பின்பக்கம் போவார். எலுமிச்சை இலைகளில் அங்கங்கே பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம். மனைவி ஆசைப்பட்டு வைத்த செடி இப்படி அசிங்கமாக நிற்கலாமா? ஈரத்துணியை எடுத்து இலை இலையாகத் துடைத்துவிடுவார். சத்தியமாக அன்பினால்தான் செய்தார், சூதுவாது தெரியாத மனிதர்.

ஒருநாள் காலையில் துணியோடு குனிந்தபோது எச்சம் நகர்ந்தது.

பளிச்சு பின்வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். எச்சம் இலையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாகத் தான் துடைத்து எறிந்தது எச்சமல்ல, புழுக்கள் என்று அந்த இடத்திலேயே புரிந்துபோயிற்று. கூடவே இன்னொன்றும் புரிந்தது. இதையும் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டால் சிமெண்ட் அவருக்கு, காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்துவிடும். அப்படி அவர் யோசிக்கவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஈரத்துணி கையில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புழு தலையைத் தூக்கி, ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டி அவரை மிரட்டியது. இத்துனூண்டு உருப்படி. பளிச்சுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரிப்பா, சரி," என்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி வந்ததும் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இத்தனை நாளா நான் காக்காய திட்டினது?"

அவர் தலையைச் சொறிந்தார். அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று முதல் பளிச்சு கடையில் பாதி, செடியில் பாதி. இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். புழு பச்சையாக மாறி விரல் தடிமனுக்குக் கொழுத்தது. பெற்ற பிள்ளை எடை கூடியதுபோல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அப்புறம் ஒருநாள் அதைக் காணோம். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடினார்கள். அவர் இலை இலையாகப் புரட்டினார். கடைசியில் அவள்தான் கண்டுபிடித்தாள். காற்றாடட்டும் என்று செடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்த, கடைக்கு வாடிக்கையாகத் துணி போடுகிற வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டில், கைக்கு அடியில், இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு பச்சைக் கூடாகச் சாய்ந்திருந்தது.

மறுநாளே கோட்டைக் கேட்டு வக்கீலம்மா வந்து நின்றார். பளிச்சு கைகளைப் பிசைந்தார். தொழிலுக்கு வந்த நாளாக அவர் வாயில் வராத சொல் ஒன்று உண்டு. இப்போது அதைச் சொன்னார்.

"கறை போகலீங்க."

"உங்ககிட்டயா போகல?" என்று வக்கீலம்மா ஆடிப்போய்விட்டார். இன்னொரு கோட்டு இருப்பதால் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லி, ஆறுதலாக இரண்டு வார்த்தையும் பேசிவிட்டுப் போனார். பளிச்சுக்கு அந்த ஆறுதல்தான் அதிகம் வலித்தது. இருட்டுவதற்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. மானம் போனால் போகட்டும் என்று கோட்டைத் தொடாமல் காவல் காத்தார்.

கொத்தனார் வந்த அன்று மனைவிக்கு விடுமுறை. பளிச்சு கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கோட்டின் பக்கத்திலேயே நின்றிருந்தார். கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் புள்ளிகள் தெரிந்தன. எந்த மூலையிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டபடி கொத்தனார் சிமெண்ட் மூட்டையை இறக்கினார்.

"கொஞ்சம் இருப்பா," என்றார் பளிச்சு.

கூடு வெடித்தது. பிழிந்துவிட்டு உதறாத கைக்குட்டை மாதிரி கசங்கிய ஒன்று வெளியே வந்தது. பிடிமானம் தேடிக் கால்களை அலைத்தது. அவர் கையை நீட்டினார். அது அவருடைய வெள்ளைச் சட்டைக் கைமேல் ஏறி உட்கார்ந்து, மெதுவாக, மிக மெதுவாக விரிந்தது. இஸ்திரி போடாமலே ஒரு சுருக்கமும் இல்லாமல் துணி நிமிர்வதைத் தன் வாழ்நாளில் முதல்முறையாக அவர் பார்த்தார். கை மரத்துப்போயிற்று, அசையவில்லை.

கிளம்புகிற நேரத்தில் அது பழுப்பாக ஒரு சொட்டை அவர் சட்டையில் விட்டது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கொத்தனாருக்கும் ஆளைத் தெரியுமல்லவா, அவரும் மிரண்டார். பளிச்சு சொட்டைப் பார்க்கவே இல்லை. சுவரைத் தாண்டி உயர்ந்து போன இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"உடனே தண்ணியில நனைங்க," என்றாள் மனைவி. "காஞ்சா போகாது."

"போகவேணாம்," என்றார்.

துணிக்கொடிக்கு உயரமாக இரண்டு தூண் மட்டும் நட்டால் போதும், விரிப்பு மண்ணில் படாது என்று கொத்தனாரிடம் சொன்னார். இத்தனை நாளாக அது ஏன் தோன்றவில்லை என்று மனைவி கேட்டபோது, தூணுக்கு இடம் காட்டுகிற சாக்கில் நகர்ந்துவிட்டார்.

பளிச்சு சொல்லியனுப்ப, மத்தியானம் வக்கீலம்மா வந்து கோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை. அப்புறம் அவர் பார்வை பளிச்சின் சட்டைக் கையில் விழுந்தது. சொல்வதா வேண்டாமா என்று தயங்கினார்.

பளிச்சே கையை நீட்டி, வெளிச்சத்தில் நன்றாகத் திருப்பிக் காட்டினார். "எங்க வீட்டுல பொறந்ததுங்க," என்றார்.