மூச்சு விடும் துணி

நகர மண்டபத்துச் சுவருக்காகத் தையல்காரி தைத்துக்கொண்டிருந்த துணி, ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு முதல் தடவையாக மூச்சு விட்டது. பெரிய மூச்சு என்று சொல்ல முடியாது. எதிரே மருந்துக்கடையின் தினசரி நாட்காட்டியில் மூன்று தாள்கள் கிழிந்து பறந்தன, அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் அன்றைக்குச் சனிக்கிழமை என்று நம்பி, மத்தியானமே கடையை அடைத்துவிட்டு மைத்துனர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் வந்ததைப் பார்த்து அவர்களும் சனிக்கிழமைதான் போலிருக்கிறது என்று வீட்டைக் கழுவிவிட்டார்கள். தையல்காரி மட்டும் ஆச்சரியப்படவில்லை. அந்தத் துணிக்குள் யார் யாருடைய மூச்சு இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

இருபத்தாறு வருடமாக அந்த ஊர்ப் பெண்களின் இடுப்பை அவள்தான் அளந்துகொண்டிருந்தாள். அளவு நாடா இடுப்பைச் சுற்றியதும் அத்தனை பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்டவைத்து, ஒன்றுமே நடக்காததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தலைமையாசிரியை இழுத்தாள், ரொட்டிக்கடைக்காரி இழுத்தாள், நீதிபதியின் மனைவி இழுத்த இழுப்பில் ஒருமுறை காதுத்தோடு கழன்று விழுந்தது. நாடா காட்டியதைத் தையல்காரி மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வாள். ஆனால் தைக்கும்போது உள்பக்கம் இரண்டு விரல் துணியைக் கூடுதலாக விட்டு மடித்துவிடுவாள். ஆறே மாதத்தில் சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "துணி சுருங்கிப்போச்சுக்கா" என்பார்கள். "இந்தத் துணியே அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே அவள் தையலைப் பிரிப்பாள். பிரிக்கும்போது இடுப்பிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் கிளம்பும். அளவெடுத்த அன்று இழுத்த மூச்சில் கொஞ்சம் அங்கேயே தங்கியிருக்கும். அவள் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொழில் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மூச்சே விடாத ஓர் இடுப்பு அவள் வீட்டிலேயே இருந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது, பள்ளிச் சீருடைக்கு எடுத்த துணி இரண்டு அங்குலம் பற்றாமல் போனது. வாயில் நான்கு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, "கொஞ்சம் உள்ள இழுத்துக்கோடி, துணி பத்தல" என்றாள் தையல்காரி. மகள் இழுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட, அம்மா எழுந்து போய்விட்டாள், விடு என்று சொல்ல மறந்தேபோனாள். சொன்ன பேச்சைத் தட்டாத பெண். விடவே இல்லை. ஒன்பது வருடம் ஆயிற்று. தூங்கும்போதுகூட வயிறு முதுகோடு ஒட்டியே இருந்தது. தொண்டைவரை மட்டும் ஒரு சின்ன மூச்சு போய்வந்துகொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாது. "பசிக்கலம்மா." "நேரமாச்சு, வரேன்." ஊரில் அவளுக்குத் தந்தி என்று பெயர் விழுந்தது. மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மூச்சு உள்ளே போனதற்கு ஆதாரம் இருக்கிறது, முழுசாக வெளியே வந்ததற்கு இல்லை, மற்றபடி நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை என எழுதிக் கொடுத்தார்.

தந்திக்குப் போட்டோ ஸ்டுடியோவில் வேலை. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களின் இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவது, கையைச் சன்னமாக்குவது, இடுப்பைச் செதுக்குவது எல்லாம் கணினியில் அவள் கைவேலை. அந்த ஊர் வீடுகளின் சுவர்களில் மாட்டியிருந்த அத்தனை பேரும் அவள் தயவில் ஒல்லியாக இருந்தார்கள். வாய்விட்டுச் சிரிக்க நிறைய மூச்சு வேண்டும் என்பதால் அவள் சிரித்தே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. "விட்டுடும்மா" என்று தையல்காரி எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள். "துணி பத்தாதும்மா" என்று பதில் வரும். கடையில் இருந்த துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியும் பார்த்தாள். மகள் மரியாதையாகத் தலையாட்டினாளே தவிர நம்பவில்லை. அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம், ஊருக்கெல்லாம் இரண்டு விரல் கூடுதலாக விட்ட கை, பெற்ற மகளுக்கு விடவில்லையே என்று அம்மாவின் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இப்படி இருக்கையில்தான் நகர மண்டபத்துப் பெரிய சுவரில் ஈரம் கோத்துக் கறை படிந்தது. அதை மறைக்க, அழகு என்ற தலைப்பில் ஒரு துணிச் சித்திரம் வேண்டும் என்று மண்டபக் குழு முடிவு செய்து தையல்காரியிடம் வந்தது. குழுத்தலைவர் உடற்பயிற்சிக்கூடம் நடத்துபவர். எந்நேரமும் நெஞ்சைத் தூக்கிக்கொண்டே நடப்பார். துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையை அவரே அளந்து கொண்டுவந்திருந்தார். "இதாம்மா அளவு. ஒரு நூல்கூட ஏறக் கூடாது" என்றார். அவளும் அதே அளவை நான்கு மடங்காக்கி, பளபளப்பான புதுத்துணியில் ஒரு பெண்ணைத் தைத்துக் கொடியில் தொங்கவிட்டாள். மறுநாள் பார்த்தால் பெண் இடுப்பில் இரண்டாகக் கிழிந்து கிடந்தாள். மறுபடி தைத்தாள், மறுபடி கிழிந்தது. மூன்றாம் தடவை மேல்பாதி தானே மடங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது. அந்த இடுப்பு அந்த உடம்பைத் தாங்காது, அதில் மாயம் மந்திரம் ஒன்றுமில்லை.

தையல்காரி பொம்மையின் அளவைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடை வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று அலமாரி அடியில் வைத்திருக்கும் உடுப்புகள் இங்கே வாங்கிக்கொள்ளப்படும் என்று எழுதியிருந்தாள். முதல் மூன்று நாள் ஈ, காக்கைகூட வரவில்லை. நான்காம் நாள், காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று பின்வாசல் வழியாக வந்த தலைமையாசிரியையும், அதே யோசனையோடு வந்த நீதிபதியின் மனைவியும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். இருவர் கையிலும் பை. "நீங்களுமா?" என்றாள் ஒருத்தி. "ஏன், நான் மட்டும் காத்தக் குடிச்சா உயிர் வாழுறேன்?" என்றாள் மற்றவள். இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் முன்வாசலிலேயே வரிசை நின்றது. ரொட்டிக்கடைக்காரி பதினொரு பாவாடைகளை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருபது வயதில் போட்ட பச்சைக் கவுனை நீட்டிய நீதிபதியின் மனைவி, அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "போய்த் தொலை" என்றாள்.

மூன்று மாதம் வேலை நடந்தது. ஸ்டுடியோ வேலை முடிந்ததும் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தையல் பிரித்துக் கொடுப்பாள். வந்த உடுப்புகளை இடுப்புத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, தையல்காரி ஒரு பெண்ணை வளர்த்தாள். வளர்த்தாள் என்பதுதான் சரி, ஏனென்றால் பாதிக்கு மேல் துணி தன் இஷ்டத்துக்குத்தான் போனது. வயிறு மடிந்து மடிந்து இறங்கியது. பிள்ளை பெற்ற கோடுகளை வெள்ளி நூலில் தைத்தாள். அறுவைத் தழும்பு, கைக்கடியில் தொங்கும் சதை, ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிய மார்பு, உரசிக் கறுத்த தொடை, எதையும் விடவில்லை. பெண்கள் தினமும் வந்து, "அது என் வயிறுதானே?" என்று உரிமை கொண்டாடினார்கள். முழங்காலுக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு துணி ஒழுங்காக மூச்சுவிடத் தொடங்கியது. குண்டூசிகள் தெறித்தன. தையல்காரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பேர் தோளில் சுமந்துபோய் அதை மண்டபச் சுவரில் மாட்டினார்கள். சுவர் பற்றவில்லை. ஒரு கால் மூலை திரும்பிப் பக்கத்துச் சுவரில் படுத்தது. ஊரே கூடியிருந்தது. குழுத்தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னம்மா இது, அழகுன்னுதானே கேட்டோம்?" என்று அவர் தொடங்கியதும் துணி ஆழமாக ஒரு மூச்சை இழுத்தது, இருபத்தாறு வருட இடுப்புகளும் சேர்ந்தாற்போல் அதை விட்டன. நாற்காலிகள் உருண்டன. குழுத்தலைவர் இத்தனை காலம் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த வயிறு பொத்தென்று இறங்க, சட்டைப் பொத்தான்கள் ஆறும் ஆறு திசையில் பறந்தன. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பழைய சிநேகிதனைப் பார்த்தவர்போல அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தபோது தந்தி மட்டும் தூணோரம், வயிற்றை இழுத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் அந்தத் துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், அங்கிருந்து திரும்பியும் போய்வந்தது. தையல்காரி ஏணியை விட்டு இறங்கி, ஒன்பது வருடத்துப் பயத்தோடு அவளிடம் வந்தாள்.

"நல்லாப் பாரும்மா. எவ்வளவு துணி இருக்குன்னு பாரு. நான்தான் அன்னிக்குத் தப்பா அளந்துட்டேன்."

தந்தி பார்த்தாள். பிறகு விட்டாள். காற்று அப்படியொன்றும் பலமாக அடிக்கவில்லை, ஆனால் நிற்கவே இல்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் தரையிலிருந்து அரையடி உயர்ந்தார்கள். கனத்தவர், மெலிந்தவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் அதே அரையடி. வீட்டுச் சுவர்ப் படங்களில் தாடைகள் திரும்பி வந்தன, தொப்பைகள் இறங்கின, சில சட்டங்கள் விரிந்துகொடுத்தன. பல கணவன்மார்கள், வீட்டில் தெரிந்தவர் யாரோ வந்திருப்பதுபோல் தோன்றியது என்று பிற்பாடு சொன்னார்கள். மகளின் பாவாடைக் கொக்கி தெறித்தது. அவள் வயிறு, இருபத்திரண்டு வயது வயிறு, முதல் தடவையாக வெளியே வந்தது. அவள் சிரித்த சிரிப்புக்கு மண்டபக் கதவுகள் தானே திறந்துகொண்டன. தையல்காரி ஓவென்று அழுதாள்.

பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டே மகள் அம்மாவோடு வீட்டுக்குக் கிளம்பினாள். படி இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, உன்கிட்ட ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன், நீ வைக்கிற காலர் எதுவுமே எனக்குப் பிடிக்கல, கழுத்தெல்லாம் அரிக்குது, அப்புறம் அந்த மஞ்சள் சட்டைய யார் கேட்டாங்கன்னு தைச்ச, அது இருக்கட்டும், ஏழாம் வகுப்புல ஒரு நாள்…"

தையல்காரி தலைகால் புரியாத சந்தோஷத்தில் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு நடந்தாள். மருந்துக்கடைக்காரர் கையசைத்தார், இருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசல் வந்தது. நிற்காமல் அடுத்த தெருவுக்கும் நடந்தார்கள், ஏனென்றால் மகள் இன்னும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.