மூன்று வாரப் புள்ளியியல்

துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு, மடியில் கணினியை வைத்து, "திட்ட விலக்கம் என்பது மிகவும் எளிமையானது" என்று நான் நான்காவது முறையாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி கதவைத் திறந்தாள். பாடக் காணொளி பதிவுசெய்ய, கோட்டுகள் எதிரொலியை உறிஞ்சிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி உள்ளே புகுந்தவன் நான். அவள் என் கோலத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. தன் அம்மா என்னுடைய இந்த வகுப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

குளிர்கால விடுமுறையில் ஒரு பருவத்துப் பாடத்தை மூன்றே வாரத்தில் இணையம் வழியாக நடத்துவது எங்கள் கல்லூரியின் புதுத் திட்டம். ஒரு காணொளி எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. வருகைப்பதிவு எடுக்கவே எட்டு நிமிடம் பேசுகிற ஆள் நான். வீம்புக்காகக் கதை, நக்கல், உதாரணம் எல்லாவற்றையும் வெட்டினேன். மிஞ்சியது வெறும் சூத்திரங்கள். எலும்புக்கூட்டைப் பார்த்து, ஆஹா என்ன கச்சிதம் என்று மெச்சிக்கொண்டேன்.

மாமியார் கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பட்டப்படிப்பை ஓய்வு பெற்றபின் மறுபடி பிடித்து, ஒவ்வொரு தாளாகத் தேறி வந்தவர். பாக்கி இருந்தது புள்ளியியல் மட்டும். இரண்டு முறை கவிழ்த்துவிட்ட தாள். பழைய மதிப்பெண்கள் இந்த வருடம் வரைதான் செல்லும். இப்போது தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். துறைத் தலைவரிடம் உறவைச் சொன்னேன். மாமியாரின் தாள்களை மட்டும் நாங்கள் 'கறார்' என்று அழைக்கும் சக பேராசிரியர் திருத்துவதாக ஏற்பாடு. வீட்டில் பாடம் பேசுவதில்லை என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.

அதில் கஷ்டமே இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அத்தை என்னிடம் நேராக ஒரு குறை சொன்னது கிடையாது. என் குறட்டை பற்றிய புகார்கூட மகள் வழியாகத்தான் தாக்கலாகும்.

முதல் வார நேரலை வகுப்பு. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். புரிந்ததா என்று கேட்டேன். கட்டைவிரல் சின்னங்கள் வரிசையாக உயர்ந்தன. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்போது ஒரு குரல், முதலில் பக்கத்து அறைச் சுவர் வழியாகவும் ஒரு நொடி கழித்துக் காதுக்கருவியிலும் கேட்டது.

"சார், எனக்குப் புரியல."

சார். மாப்பிள்ளை இல்லை. 'அத்தை' என்று வாயெடுத்ததை விழுங்கிவிட்டு, எந்த இடம் என்று கேட்டேன்.

"ஆரம்பத்துலேர்ந்து. இங்க யாருக்குமே புரியல சார். எங்க குரூப்புல எல்லாரும் அழுதுக்கிட்டிருக்காங்க. கட்டைவிரல் உங்க மனசு நோகக்கூடாதுன்னு போட்டது."

கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

அன்று மாலையே அலமாரியைக் காலி செய்தேன். காணொளிகளைத் தூக்கிக் கடாசினேன். இனி நாளுக்கு ஒரு கேள்வி. அவரவர் வீட்டிலிருந்து எண்களைப் பொறுக்கி வந்து அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். இதற்கு ஒரு வழியே இல்லையா என்று அவர்களே கேட்கும்போதுதான் சூத்திரம் வரும். வெட்டிய கதைகளும் திரும்பி வந்தன. வகுப்பை விட்டு ஓடப் பார்த்தவர்கள் தங்கினார்கள். கறுப்புக் கட்டங்களில் முகங்கள் தெரிய ஆரம்பித்தன. ஆனால் முதல் வாரத் தேர்வில் அத்தை எடுத்தது வெளியே சொல்லக்கூடிய மதிப்பெண் அல்ல. கடைசி நாள் சொந்த ஆய்வைச் சமர்ப்பித்து, கறாரிடம் தப்பித்தால்தான் பட்டம்.

அந்த நாள் வந்தது. அத்தையின் திரையில் தலைப்பு: 'ஒரு நிமிஷம் என்பது எத்தனை நிமிடம்?'

"சாப்பிடக் கூப்பிட்டா 'ஒரு நிமிஷம்'னு சொல்ற ஒருத்தரை கவனிச்சு வந்தேன்" என்றார். "யாருன்னு சொல்ல மாட்டேன். ஆய்வு நெறி."

என் காது சூடானது. சராசரி பதினான்கு நிமிடம். பரவலோ அந்த மனிதரின் மேஜையைப் போலவே தாறுமாறு. ஒரே ஒரு நாள் நிஜமாகவே ஒரு நிமிடத்தில் வந்திருக்கிறார். அன்று வீட்டில் விருந்தாளி. அந்த எண்ணை ஏன் நீக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்க, நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு எண்ணைத் தள்ளிவைக்க முடியுமா என்றார் அத்தை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருந்த கறார் மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

"அப்போ இந்த மனுஷன் வருஷம் பூரா இப்படித்தான்னு சொல்லலாமா?"

பாதி வகுப்பைக் கவிழ்க்கக்கூடிய கேள்வி அது. ஆமாம் என்றால் தீர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தாள் புரண்டது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு சார்" என்றார் அத்தை. "ஆனா முடியாது. நான் பார்த்தது விடுமுறையில மட்டும். அதுவும் அவர் தன் வேலையை மொத்தமா கலைச்சுப் போட்டு, திரும்பக் கட்டிக்கிட்டிருந்த நேரம். அதை வெச்சு ஒருத்தரைத் தீர்மானிக்கக்கூடாது."

கறார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு கேள்வி இல்லை என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட அதிகபட்சப் பாராட்டு. நான் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி மூக்கை உறிஞ்சினேன். ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டது வகுப்புக்கே தெரிந்தது.

மறுநாள் காலை முடிவு வந்தது. தேர்ச்சி. அதுவும் விளிம்பில் இல்லை, நன்றாக உள்ளே. மனைவி அழுதாள். நான் ஒரு சொற்பொழிவுக்குத் தயாரானேன். அத்தை திரையை இரண்டு முறை படித்தார். "சரி" என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு, வந்துவிடுகிறேன் என்று வெளியே போனார்.

நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம். தெருமுனை நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றது, கதவு திறந்தது. அத்தை ஏறவில்லை. ஓட்டுநருக்குப் போகச் சொல்லிக் கையசைத்தார். கடிகாரத்தைப் பார்த்து, கைபேசியில் எதையோ பதிந்துவிட்டு, தெருவின் மறுகோடியைப் பார்த்தபடி, வாயிலிருந்து ஆவி பறக்க, அடுத்த பேருந்துக்காக நிமிர்ந்து நின்றார்.